கழுவாத பானை

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கள்ளுக்காரன் பெண்டாட்டிக்கு வாய் இல்லாவிட்டால் ஒரு நாள் பிழைக்க முடியுமா? காலையில் கும்பிட்டுவிட்டுப் போனவன் பொழுது சாய்வதற்குள் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் வந்து நிற்பான். அவனை அதட்டி வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. கள்ளை நன்றாக இறக்குவது என் வீட்டுக்காரர் வேலை. இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்செங்கோட்டு மலை மேற்கே நீலமாகத் தெரியும் ஊர் எங்களுடையது. ஓடைக்கரையிலும் காட்டு வரப்புகளிலும் பனைதான். கள் இறக்குகிறவர்கள் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு கடை தாண்டி எங்கள் கடைக்கு ஆள் வரும். இவர் கை அப்படி. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, குடித்தவர்கள் சொன்னது.

கையை விடப் பெரிய விஷயம் பானை. கள் இறக்குகிறவர்கள் வீட்டில் பானையைக் கழுவ மாட்டார்கள். சோற்றுப் பானையை மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்க்கிற கை, கள்ளுப் பானையைத் தொடாது. மரத்தில் கட்டுகிற சின்னக் கலயமானாலும் சரி, இறக்கியதை எல்லாம் ஒன்றாக ஊற்றி வைக்கிற பெரிய பானையானாலும் சரி, கவிழ்த்துக் கொட்டிவிட்டு அடியில் தங்கிய மண்டியோடு அப்படியே வைத்துவிட வேண்டியதுதான். அந்த மண்டிதான் அடுத்த நாள் கள்ளைப் பொங்க வைக்கும். பழைய பானையில் ஊற்றிய கள்ளுக்குத்தான் ருசி. கழுவினால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

என் அப்பாவும் மரம் ஏறியவர்தான். மற்றப் பெண்கள் கல்யாணமாகிப் போகும்போது பித்தளைக் குடம் கொண்டு போவார்கள். என் அப்பா எனக்குத் தன்னுடைய பெரிய பானையை மண்டியோடு கொடுத்து, வாயைத் துணியால் கட்டி, மாட்டு வண்டியில் என் மடியில் வைத்துவிட்டார். அதன் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். பத்து வயதில் நான் ஒளிந்து அந்தப் பானையில் வாய் வைக்கப் போக, அவர் சத்தம் போட, பயத்தில் அகப்பையைப் போட்டதில் பெயர்ந்த சில்லு அது. பெண் பிள்ளைகள் அதில் வாய் வைக்கக் கூடாது என்று கடைசி வரைக்கும் சொன்ன மனிதர், அதே பானையைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார். நான் போன மறு வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவருடையது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து நம் ஜில்லாவில் கள்ளும் கிடையாது, சாராயமும் கிடையாது. மாகாணத்திலேயே முதலில் நம் சேலம் ஜில்லாவுக்குத்தான் இந்தச் சட்டம் என்று ஒருவன் பெருமையாக வேறு சொன்னான். எனக்கு அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

ஊர்ப் பெண்கள் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தினார்கள். அதில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் புருஷன் எங்கள் கடையில் குடித்துவிட்டுப் போய் அவள் மண்டையை உடைத்தவன். நான் அவளை என்ன சொல்ல முடியும்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் வந்ததில் என் மனசின் ஒரு ஓரம் சந்தோஷப்பட்டது. மறு ஓரம் அடுப்பைப் பார்த்து அழுதது. இரண்டும் ஒரே நாளில்தான்.

கடையைப் பூட்டியபின் இவர் கூலி வேலைக்குப் போனார். கடலைக்காய் பிடுங்கப் போனார், கிணறு வெட்டப் போனார். மரத்தில் அணில் மாதிரி ஏறுகிற மனிதருக்குத் தரையில் குனிந்து வேலை செய்ய வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்துக்கொள்வார். இரண்டு பிள்ளைகளும் கம்மங்கூழுக்குச் சண்டை போட்டன. அந்தச் சமயம் பார்த்து ஒரு கங்காணி ஊருக்குள் வந்தான். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், குடும்பத்தோடு வந்தால் வீடு உண்டு, அரிசி உண்டு, மாசிக் கடைசியில் வண்டி புறப்படும் என்றான். கள் இறக்கிய குடும்பங்களில் பாதி பேர் தலையை ஆட்டிவிட்டார்கள்.

என் அக்கா அப்படி மலைக்குப் போனவள்தான். போனபோது மூன்று குழந்தைகள். மலைக் காய்ச்சலில் இரண்டு போய்விட்டன என்று ஆள் மூலம் சேதி வந்தது. அதற்கப்புறம் சேதியே வரவில்லை. நான் செத்தாலும் மலை ஏற மாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தால் மனசில் முடிவு பண்ணிவிட்டார் என்று அர்த்தம்.

மாசி பிறந்து பனையில் பாளை வந்தது. தெளுவு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு உத்தரவுச் சீட்டு கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டோம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் பாளையில் சொட்டுகிற நீர் புளிக்காது, இனிப்பாகவே இருக்கும். அதுதான் தெளுவு. பதநீர் என்று மற்ற ஊர்களில் சொல்வது. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து புதுச் சட்டிகளை வைத்துக் காய்ச்சிக் காட்டிவிட்டுப் போனார். பார்க்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

நான் பிடுங்கி எடுத்து இவரைச் சீட்டு வாங்க வைத்தேன். முப்பது மரத்துக்குக் கொடுத்தார்கள். கொடுத்த இன்ஸ்பெக்டர் கறாரான ஆள். மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், கெட்டியான கருப்பட்டி கண்ணில் படவேண்டும், பானையில் கள் வாடை வந்தால் மரமும் போகும், ஆளும் உள்ளே போவான் என்று சொல்லிவிட்டுப் போனார். பனை மரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்களே, எங்களைப் போன்றவர்களை அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அன்றைக்கு இவர் என்னிடம் ஒரு பேச்சு வாங்கிக்கொண்டார்.

“உம் பேச்சுக்காகத்தான் புள்ளே இதைச் செய்யறேன். வெள்ளிக்கெழமை சீட்டுப் போச்சுன்னா சனிக்கெழமை கங்காணி வண்டியில ஏறோணும். அப்ப வாயைத் தொறக்கப்படாது” என்றார்.

சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? அவர் என் பழைய சேலை ஒன்றை விரித்து, பிள்ளைகள் துணியும் ரெண்டு சட்டியும் வைத்து மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டார். போகும்போதும் வரும்போதும் அது என் காலில் இடறியது.

முதல் வாரம் இவர் விடியலில் மரம் ஏறி இறக்கிக் கொண்டு வருவார். நான் கொப்பரையில் ஊற்றி, பனை மட்டையும் சருகுமாக எரித்துக் காய்ச்சுவேன். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவேன். எல்லாம் ஆபீஸ்காரர் சொன்னபடிதான். தெளுவு சுண்டிச் சுண்டிப் பாகாகும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டையாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. கரைந்து போனது. தேங்காய்ச் சிரட்டைத் தொட்டிகளில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். மறுநாளும் கூழ் மாதிரியே கிடந்தது. கிட்டே மோந்தால் லேசாகப் புளிப்பு வாடை வேறு.

இவர் சுண்ணாம்பைக் குறை சொன்னார். அப்புறம் மரத்தைக் குறை சொன்னார். அப்புறம் என் அடுப்பைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்து, அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டார். அடுத்த காய்ச்சலும் அதே கதைதான்.

எனக்குப் புத்தி வந்தது பால் காய்ச்சும்போது. பக்கத்து வீட்டில் கன்று போட்ட மாட்டுக்கு நான் புல் அறுத்துப் போட்டதற்காக ஒரு செம்பு பால் கொடுத்தார்கள். அவசரத்தில் மோர் இருந்த சட்டியை அலசாமல் அதில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டேன். திரிந்து போனது. பிள்ளைக்கு என்று வாங்கிய பால். என்னையே நான் திட்டிக்கொண்டேன். மோர்ச் சட்டியில் ஊற்றினால் பால் திரியாமல் என்னடி செய்யும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் தெளுவு இறக்கியது எந்தக் கலயத்தில்? அதே பழைய கள்ளுக் கலயத்தில். தலைமுறையாகக் கழுவாதது. மண்ணுக்குள் ஊறிக் கிடக்கிற மண்டி, மேலே ஒரு பூச்சு சுண்ணாம்பு பூசினால் செத்துப்போகுமா? எந்தக் கலயத்தால் இவருக்குப் பேர் வந்ததோ அந்தக் கலயம்தான் எங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கள்ளைப் பற்றி அவருக்குத் தெரியாததா? புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. கழுவிப் பார்க்கலாம் என்றார். மூன்று கலயத்தைச் சாம்பலும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். காய்ந்தபின் மூக்கை உள்ளே விட்டால் அதே வாடை. உடைத்துவிட்டுப் புதுசு வாங்குவது ஒன்றுதான் வழி என்றேன்.

“எழவு ஊட்டுலதான் பானை ஒடைப்பாங்க” என்றார்.

“கங்காணி வண்டியில ஏறினா நம்மூடும் எழவு ஊடுதானுங்க” என்றேன்.

அவர் திரும்பி நின்றுகொண்டார். நான் கலயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அம்மிக்கல்லில் போட்டேன். முதல் கலயம் உடைந்த சத்தத்துக்கு அக்கம் பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டார்கள். நாலைந்து உடைந்ததும் இவரே வந்து என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை உடைத்தார். முகம் வேர்த்திருந்தது. கடைசியில் என் அப்பாவின் பெரிய பானை நின்றது. அதைத் தூக்கப் போனேன், கை வரவில்லை.

“இதை நீ பாக்க வேண்டாம். நாங் கொண்டுபோயித் தோப்புல ஒடைச்சிக்கறேன்” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் இருந்த ஆசையைச் சொல்லி முடியாது.

குயவர் வீட்டில் கெஞ்சி, கருப்பட்டி வந்ததும் தருகிறேன் என்று சொல்லிப் புதுக் கலயங்கள் வாங்கி வந்தோம். அடுத்த காய்ச்சல் வாடையே இல்லாமல் வந்துவிடும் என்று நினைத்தேன். வாடை குறைந்துதான் இருந்தது, ஆனால் இறுகவில்லை. விரலால் அழுத்தினால் பழம்புளி மாதிரி அமுங்கியது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அந்த மூலை மூட்டையைப் பார்த்து அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக அழுதேன்.

மறுநாள் உச்சி வெயிலில் இவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். மரத்தடியில் வரிசையாகப் பானைகள் இருந்தன. மரத்திலிருந்து இறக்கிய தெளுவைச் சேர்த்து வைத்து, பிறகு வீட்டுக்குக் கொண்டு வருகிற பானைகள். எல்லாவற்றிலும் உள்ளும் புறமும் சுண்ணாம்பு, எல்லாம் ஒரே வெள்ளை. அதில் ஒன்றுக்கு விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

மரத்தின் மேல் இருந்தவரை இறங்கி வரச் சொன்னேன். நான் கூப்பிட்ட குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்து, திருட்டுப் பையன் மாதிரி நின்றார்.

“ஏனுங்க, ஒடைச்சாச்சுன்னு சொன்னீங்களே?”

“மனசு வல்ல. உங்கப்பன் குடுத்தது. அவுரும் போயிட்டாரு. வேற என்ன இருக்குது உனக்கு?” என்றார். நாலு பூச்சு சுண்ணாம்பு பூசினேன், இது ஒன்று என்ன செய்துவிடும் என்று நினைத்தேன் என்றார். முப்பது மரத்துத் தெளுவும் தினம் முதலில் அந்த ஒரு பானைக்குள் போய்த்தான் மற்றப் பானைகளுக்கு வந்திருக்கிறது.

திட்டுவதற்கு என்னிடம் எத்தனையோ இருந்தது. என் அப்பாவை எனக்காகக் காப்பாற்றி வைத்த மனிதரை எப்படித் திட்டுவது? ஆனால் என் பிள்ளைகளை நான் காப்பாற்ற வேண்டும். உள்ளே இருந்த தெளுவை மண்ணில் கவிழ்த்தேன். அப்பா, கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே பானையைப் பனையின் அடி மரத்தில் மோதினேன். வாயும் வயிறும் சில்லுச் சில்லாகப் போயின. அடி மட்டும் பெரிய வட்டில் மாதிரி முழுசாக நின்றது. இவர் அதை எடுத்து இடுப்புத் துணியில் சுற்றிக்கொண்டார். நான் முறைத்ததற்கு, இதை மரத்தில் கட்ட மாட்டேன் சாமி என்று கும்பிட்டார்.

வியாழக்கிழமை விடியலில் இறக்கிய தெளுவு கண்ணாடி மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் தித்திப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினேன். வெயில் ஏறி நிற்கும்போது பாகு அகப்பையில் நூலாக இழுத்தது. தண்ணீரில் விட்ட சொட்டு உருண்டு, அடியில் போய் டக்கென்று நின்றது. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

தொட்டிகளில் ஊற்ற ஊற்றப் பாகு மிஞ்சிவிட்டது. இனி தொட்டி இல்லை. அப்போது இவர் குச்சியால் அடுப்புத் தணலைக் கிளறி ஒன்றை வெளியே இழுத்தார். என் அப்பா பானையின் அடி. விடிகாலையிலிருந்து நெருப்புக்குள் கிடந்து செக்கச் செவேலென்று இருந்தது. ஆறினதும் அதை என் முன்னால் நீட்டினார். நான் மோந்து பார்த்தேன். சுட்ட மண் வாசம் மட்டும்தான்.

“தீயில வெந்ததுக்கு ஏது புளிப்பு?” என்றார் பெருமையாக.

மிச்சப் பாகை அதில் ஊற்றிவிட்டு, நான் அகப்பையோடு அப்படியே நின்றேன். எனக்கு மெதுவாக உறைத்தது. ஏனுங்க, அப்படின்னா எல்லாக் கலயத்தையும் குயவர் சூளையில் போட்டு எடுத்திருந்தால் ஒன்றைக்கூட உடைத்திருக்க வேண்டாமே என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடை பூட்டிய நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. நாற்பது கலயம் உடைத்துப் படித்த பாடம் அது. கங்காணியிடம் தலையாட்டிய மற்றக் குடும்பங்களுக்கு, வண்டி புறப்படுவதற்குள் அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் யாரும் பானை உடைக்கவில்லை. சீட்டு வாங்கி, கலயங்களைச் சூளையில் சுட்டு எடுத்து, சுண்ணாம்பு பூசி, மரம் ஏறினார்கள். பாதிக்கு மேல் ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். தோப்பில் ஒரு கலயம் விடாமல் மூக்கை விட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சந்து பொந்தெல்லாம் பார்த்தார். பிறகு ஒரு கருப்பட்டியை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். கல்லைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. ஓரத்தைக் கடித்து மென்றுகொண்டே சீட்டில் கையெழுத்துப் போட்டார். சீசன் முடியும்வரை இறக்கலாம் என்றார். போகும்போது, வட்டில் அளவுக்கு ஒன்று தனியாக இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

“அது எங்க மாமனாரு பானையில ஊத்தினதுங்க. குடுக்கறதுக்கில்லீங்க” என்றார் இவர். அந்த ஆள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் நான் நேராக மூலைக்குப் போய் மூட்டையை அவிழ்த்தேன். சட்டியை அடுப்படியில் வைத்தேன், பிள்ளைகள் துணியைக் கொடியில் போட்டேன். அந்தச் சேலையைக் கிழித்துத் தெளுவு வடிகட்ட வைத்துக்கொண்டேன். கங்காணியிடம் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிடும்படி இவரிடம் சொன்னேன். நேற்றே சொல்லியாச்சு என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

பிறகு அந்தப் பெரிய கருப்பட்டியை எடுத்து வந்து அம்மிக்கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பிள்ளைகள் கையை நீட்டின. அவர் முதல் துண்டை அவர்களுக்குக் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார்.

“உங்கப்பன் குடுத்திருக்க மாட்டாரு. நாங் குடுக்கறேன், தின்னு புள்ளே” என்றார்.

வாங்கி வாயில் போட்டேன். நல்ல தித்திப்பு, கூடவே லேசாகச் சுட்ட மண் வாசம். என் அப்பாவின் பானையில் நான் வாய் வைத்தது அன்றைக்குத்தான்.